கரையிறங்கியதும் கறையிறங்கியதும்: என்விடிஏ துணையோடு நான்கு தேர்வுத் தாள்கள்

முதுகலை வரலாறு மூன்றாம் பருவத்தின் நான்கு தாள்களையும் இந்த முறை கணினியில் நானே தட்டச்சு செய்து எழுதினேன். பள்ளிப் பொதுத்தேர்வு முதல் சென்ற பருவம் வரை எல்லாத் தேர்வுகளையும் சொல்வதை எழுதுபவர் துணையோடு எழுதிய பார்வையற்ற மாணவன் நான் என்பதால், இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு என்று நினைக்கிறேன். நான் இங்கே மதிப்பிடுவது, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை. கூடவே, அதில் பேசும் இரண்டு தமிழ்க் குரல்களையும், தமிழ்99 விசைப்பலகை முறையையும், இவை அனைத்தும் போய் அமர வேண்டியிருக்கும் தேர்வு அறையையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டு மேசையில் நன்றாக இயங்கும் ஒரு கருவி தேர்வு அறையிலும் அப்படியே இயங்கும் என்று நம்பித்தான் நான் முதல் தாளுக்குத் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினேன்.

என்விடிஏயை 2006 இல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவரோடு பின்னர் சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் அவரைப் போலவே பார்வையற்றவர். மென்பொருள் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இதற்கு மாற்றாக நம் பக்கத்தில் பலரும் சொல்வது ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை. அது நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை கொடுத்து உரிமம் பெறாவிட்டால் நாற்பது நிமிடம் மட்டுமே பேசும், பிறகு கணினியை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அப்படி ஒரு துணை எதற்கு? கல்லூரிகள் உரிமம் வாங்கி வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, யாரிடமும் கேட்காமல் எந்தக் கணினியிலும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பழகிக்கொள்வது மேல் என்பதுதான் நான் என்விடிஏயைத் தேர்ந்ததற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அதன் பென்டிரைவ் பதிப்பு. கருவிகள் பட்டியலில் ‘கையடக்கப் படி’ உருவாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. என் வேக அமைப்பு, என் குரல், நிறுத்தக்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்ற என் விருப்பம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்தப் படி பென்டிரைவில் உட்கார்ந்துவிடும். இது தேர்வு எழுதுபவருக்கு வெறும் வசதி மட்டும் அல்ல. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்கள், பிரெயில், கணினி, பெரிய அச்சு, ஒலிப்பதிவு ஆகியவற்றில் எந்த முறையில் விடையளிப்பது என்பதை முடிந்தவரை தேர்வரே தேர்ந்துகொள்ளலாம் என்றன. அதே வழிகாட்டுதல்கள், சொந்த மடிக்கணினியைத் தேர்வுக்குப் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என்றும், விசைப்பலகை போன்ற துணைக் கருவிகளைக் கொண்டுவரலாம் என்றும், கணினியை முந்தைய நாளே சோதித்துப் பார்க்கத் தேர்வருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறின. ஆக, நான் எழுதப்போவது கல்லூரியின் கணினியில். அதில் என் கைக்குப் பழகியதாக இருக்கப்போவது ஒரு பென்டிரைவும் ஒரு விசைப்பலகையும் மட்டும்தான்.

முந்தைய நாள் சோதனையை யாரும் சடங்காக நினைத்துவிட வேண்டாம். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கணினியின் முன்பக்க ஹெட்போன் துளை வேலை செய்யவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பின்பக்கத் துளையைத் தேடிச் சொருகிய பிறகுதான் சத்தம் வந்தது. மறுநாளிலிருந்து யூஎஸ்பியில் சொருகும் ஹெட்போனையே கொண்டுபோனேன். பென்டிரைவ் பதிப்புக்கு ஒரு குறை உண்டு: அது கணினி தொடங்கும்போது தானாக எழுந்து பேசாது, கடவுச்சொல் கேட்கும் திரையையும் வாசிக்காது. உள்ளே நுழைவது வரை நான் கண்காணிப்பாளரின் கண்ணை நம்பித்தான் இருந்தேன். நுழைந்த பிறகு விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு பென்டிரைவ் வரை நடந்துபோய் என்விடிஏயை எழுப்பிவிட்டு, நரேட்டரை அதே விசைகளால் அனுப்பிவிடலாம். இந்த ஒரு வித்தை தெரியாவிட்டால் முதல் பத்து நிமிடங்கள் பிறர் உதவிக்குக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.

குரல்களைப் பற்றி. என்விடிஏயுடனேயே வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல், முதலில் கேட்பவருக்குத் தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுவது போல இருக்கும். என் அறைக் கண்காணிப்பாளர் ஆர்வத்தோடு ஒரு காதில் ஹெட்போனை வைத்துப் பார்த்துவிட்டு, “மக்களே, இது என்னத்த வாசிக்குது? எனக்கு ஒண்ணும் மனசிலாவலியே” என்றார். ஆனால் விசையை அழுத்திய கணத்தில் பேசுவதும், வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் அந்தக் குரலின் பலம். மைக்ரோசாஃப்டின் வள்ளுவர் குரல் மனிதக் குரலுக்கு நெருக்கமானது, பாடநூலைப் படிக்க அதையே வைத்திருக்கிறேன். தேர்வில் மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அம்புக்குறி அழுத்தத்துக்கும் அது ஒரு மூச்சு எடுத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது. கூடுதல் நேரத்தோடு சேர்த்து எனக்குக் கிடைத்த நான்கு மணி நேரத்தில் அந்த மூச்சுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு குறுவினாவுக்கான நேரம் போயிருக்கும். மேலும், கல்லூரிக் கணினியில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால் மட்டுமே வள்ளுவர் வருவார். ஈஸ்பீக் பென்டிரைவிலேயே இருக்கிறது.

இனி, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். திரைவாசிப்பானில் எழுதும் தமிழ் மாணவர் ஆங்கில மாணவருக்கு இல்லாத ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். வேறு எழுத்துகளால் எழுதப்பட்டு, காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும் சொற்கள் நம் மொழியில் நிறைய. முந்நூறு என்று எழுதினாலும் முன்னூறு என்று எழுதினாலும் என்விடிஏ ஒரே மாதிரிதான் வாசிக்கிறது. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் குரல் ஓரளவு பிரித்துக் காட்டுகிறது. ழகரத்தைத் தெளிவாகச் சொல்லிப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் பெரிய தொல்லை இல்லை. ரகரமும் றகரமும் வேகமான வாசிப்பில் என் காதில் பிரிவதே இல்லை. குளச்சல் போர் பற்றிய பெருவினாவில், 1741 இல் டச்சுப் படை குளச்சலில் ‘கறையிறங்கியது’ என்று எழுதி, இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்து, மன நிறைவோடு அடுத்த வினாவுக்குப் போயிருக்கிறேன். பருவம் முடிந்த பிறகு என் நகலைப் படித்த நண்பர் சிரித்ததில்தான் எனக்கே தெரிந்தது.

பிரெயிலில் படித்தபோது இந்தக் குழப்பம் இருந்ததில்லை. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் புள்ளிக் கோலம் இருப்பதால், எழுத்துப் பிழையை விரல் காட்டிக்கொடுத்துவிடும். கல்லூரிக்கு வந்து எல்லாவற்றையும் ஒலியாகவே கேட்கத் தொடங்கிய பிறகு எழுத்துகள் நினைவிலிருந்து கரைந்துவிட்டன என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்வதை எழுதுபவர் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. கரையா கறையா என்பது அவருடைய பொறுப்பாக இருந்தது.

இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து தமிழ்99. ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலி வழியாகத் தமிழைத் தட்டச்சு செய்யும் முறையைத்தான் நான் முதலில் பழகினேன். அது காதை நம்பிய முறை, காதின் குழப்பம் எல்லாம் அதிலும் இருக்கும். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ரகரம் வலக்கைச் சுட்டுவிரலுக்குக் கீழ் வரிசையில், றகரம் அதே விரலுக்கு மேல் வரிசையில். னகரம் நடுவிரலை மேலே நீட்டினால் கிடைக்கும், நகரம் சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே இருக்கும். ணகரமும் ழகரமும் சுண்டுவிரலுக்குத்தான், ஒன்று மேலே, மற்றது கீழே. சில மாதப் பழக்கத்துக்குப் பிறகு, ‘கரை’ என்ற சொல் எனக்குச் சுட்டுவிரல் கீழிறங்கும் ஓர் அசைவாகவும், ‘கறை’ என்பது அதே விரல் மேலேறும் அசைவாகவும் பதிந்துவிட்டது. பிரெயிலில் விரலுக்குத் தெரிந்திருந்த எழுத்து மீண்டும் விரலுக்கே வந்து சேர்ந்தது போல இருந்தது. குளச்சலில் நான் சறுக்கியது பதற்றத்தில் விரல் வரிசை மாறியதால்தானே தவிர, எழுத்து தெரியாததால் அல்ல. இது எனக்கு ஓர் ஆறுதல், மதிப்பெண் குறைத்த ஆசிரியருக்கு அல்ல.

தமிழ்99 இல் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்பதற்கு நான்கே தட்டல்கள். தனியாகப் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில், எஃப் விசையில் இடக்கைச் சுட்டுவிரலுக்கு அடையாளமாக இருக்கும் சிறிய மேட்டின் மேலேயே புள்ளி இருக்கிறது, தேடவே வேண்டாம். விண்டோஸிலேயே இந்த விசைப்பலகை இருப்பதால் தனி மென்பொருள் நிறுவ அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் மொழிப் பட்டியலில் அதைச் சேர்த்துவைக்க வேண்டும், அதையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். என்விடிஏயில் தட்டும் எழுத்துகளை ஒலிப்பதை நிறுத்திவிட்டு, தட்டும் சொற்களை ஒலிப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் தமிழுக்கு ஏற்றதாக இருக்கிறது. சில வேளை ஒரு சொல்லை அது ஒலிக்காமல் விழுங்கிவிடுவதும் உண்டு. அப்போது என்விடிஏ விசையோடு (வழக்கமாக அது இன்செர்ட் விசை) மேல் அம்புக்குறியை அழுத்தி வரியைத் திரும்பக் கேட்டுக்கொள்வேன்.

வினாத்தாளைப் பற்றிச் சொல்லும்போது என் நிதானம் கொஞ்சம் குறையக்கூடும். முதல் தாளின் வினாக்கள் வேர்டு கோப்பாக வந்தன. திறந்ததும் என்விடிஏ ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக உளறத் தொடங்கியது. எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டேன்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அழுத்தும் விசைகள் அவை. திரையில் பார்ப்பவருக்குத் தமிழ் அழகாகத் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். தமிழைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்றது 2010 இல். அதற்குப் பிறகும் வினாத்தாள்கள் பாமினியில் பிறந்துகொண்டிருக்கின்றன. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இணையதளங்கள் உண்டு என்றாலும், தேர்வு நேரத்தில் இணையம் கிடையாது, இருந்தாலும் வினாத்தாளை ஏதோ ஓர் இணையதளத்தில் ஒட்டுவதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. கடைசியில் கண்காணிப்பாளர் வினாக்களை உரக்க வாசிக்க, நான் அவற்றை ஒரு நோட்பேடில் தட்டிக்கொண்டேன். பன்னிரண்டு நிமிடங்கள் போயின.

மூன்றாம் தாள் அதைவிட மோசம். அது அச்சிட்ட தாளைப் படமெடுத்த பிடிஎஃப். அதைப் பொறுத்தவரை என்விடிஏக்குத் திரையில் எதுவுமே இல்லை. படத்திலிருந்து எழுத்தை எடுத்து வாசிக்க என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால் போதும். அது விண்டோஸின் எழுத்துணரியைப் பயன்படுத்துகிறது, நான் அமர்ந்திருந்த கணினியில் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இந்தக் குறைகளை என்விடிஏயின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. யூனிகோடில் வந்த இரண்டாம், நான்காம் தாள்களை அது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிக்கலின்றி வாசித்தது. வினா எண்ணுக்குத் தாவுவதும், ஒரு வினாவை மூன்றாம் முறை கேட்பதும், ‘விளக்குக’ என்று இருக்கிறதா ‘விவரிக்க’ என்று இருக்கிறதா என்று ஒரு சொல்லை மட்டும் கேட்பதும், யாரையும் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் இல்லாமல் நடந்தன.

அந்தக் கூச்சம் சிறிய விஷயம் அல்ல. சொல்வதை எழுதுபவராக எனக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அந்த 2018 வழிகாட்டுதல்படி, தேர்வரே அழைத்துவரும் எழுதுபவர் அவரைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டியிருந்ததால், பெரும்பாலும் இளங்கலை படிக்கும் தம்பி, தங்கைகள். இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் எழுதி, கையை உதறிக்கொண்டிருக்கும் ஒரு தங்கையிடம், “இந்தப் பத்தியை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமா?” என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. வாயில் முதலில் வந்ததே விடையாகிவிடும். இந்தப் பருவம், உதயகிரிக் கோட்டையில் கல்லறை கொண்டிருக்கும் டச்சுப் படை அதிகாரி டிலனாய் பற்றிய விடையில், அவர் திருவிதாங்கூர்ப் படையைச் சீரமைத்ததை முன்னாலும், குளச்சலில் சிறைப்பட்டதைப் பின்னாலும் எழுதிவிட்டேன். ஷிப்ட், கண்ட்ரோல், கீழ் அம்புக்குறியை அழுத்திப் பத்தியைப் பிடித்து, வெட்டி, மேலே கொண்டுபோய் ஒட்டினேன். எழுதியதை இடம் மாற்றிவைப்பது என் தேர்வு வாழ்க்கையில் அதுவே முதல் முறை. கண்டிப்பாக அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் அதன் பிறகு ஒரு நிமிடம் நான் எதுவும் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத ஈடுசெய் நேரம் என்ற விதிப்படி மூன்று மணி நேரத் தாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது. என் தட்டச்சு வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. என்விடிஏ விசையோடு எஃப்12 அழுத்தினால் மணி என்ன என்று சொல்லும் என்பதால் அடிக்கடி நேரம் கேட்டுக் கண்காணிப்பாளரை அழைக்க வேண்டியும் வரவில்லை. வரைபடம் குறிக்கும் வினாவுக்கு மாற்று வினா கேட்டு முன்னதாகவே கடிதம் கொடுத்திருந்தேன், கிடைத்தது.

இரண்டாம் தாள் அன்று நல்ல மழை. நவம்பர் மழைக்கு மின்சாரம் போவது எங்கள் மாவட்டத்தில் செய்தி அல்ல. கணினியோடு இணைத்திருந்த யூபிஎஸ் உயிரற்றது என்பதுதான் செய்தி. சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் அறுந்தபோது, அது கணினி நின்றதாலா, ஹெட்போன் கழன்றதாலா, என்விடிஏ உறைந்ததாலா என்று சில நொடிகள் புரியவில்லை. மின்விசிறிச் சத்தமும் நின்றிருப்பதைக் கவனித்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பத்தி முடிவிலும் சேமித்துக்கொண்டே வந்ததால் நான் இழந்தது நான்கு வரிகள் மட்டும். மின்சாரம் வந்து, கணினி எழுந்து, நரேட்டர், பென்டிரைவ், என்விடிஏ என்று மறுபடியும் ஏறி வர எட்டு நிமிடங்கள் ஆயின. அந்த எட்டு நிமிடங்களைக் கண்காணிப்பாளர் தாமாகவே குறித்துவைத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அச்செடுப்பது கடைசிக் கண்டம். விடைகளை அச்சிட்டு, பக்கங்களை எண்ணி, என் முன்னிலையில் உறையிட்டார்கள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, வினா எண்கள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்பதை எனக்குச் சொல்ல என்விடிஏயால் முடியாது. தாளில் விழுந்த பிறகு அதற்கும் எனக்கும் வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வினாவையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதும், பதிவெண்ணைப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே முறை இட்டு எல்லாப் பக்கங்களுக்கும் வரவழைப்பதும் குழப்பத்தைக் குறைத்தன. நூறு கையெழுத்துத் தாள்களுக்கு நடுவே ஒரே ஓர் அச்சுத்தாள் வந்தால், போலி எண் இட்டு என்ன மறைத்தாலும், அது யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியாமலா போகும்? இதற்கு எந்த மென்பொருளிலும் தீர்வு இல்லை.

கணிதம், புள்ளியியல் படிப்பவர்களுக்கு என் அனுபவம் அதிகம் உதவாது. சமன்பாடுகள் படமாக ஒட்டப்பட்டிருந்தால் என்விடிஏயால் அவற்றை வாசிக்க முடியாது. வரலாறு, தமிழ், ஆங்கிலம், பொருளியல் போன்ற, பத்தி பத்தியாக எழுதும் பாடங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த பருவத்துக்கு நான் இப்போதே கொடுத்திருக்கும் கடிதத்தில் கேட்டிருப்பவை மூன்று: வினாத்தாள் யூனிகோடில் வேண்டும், யூபிஎஸ்ஸின் பேட்டரியை மாற்ற வேண்டும், சோதனை நாளன்று அச்சுப்பொறியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். என் சார்பில் செய்ய வேண்டியது ர, ற விரல்களுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி.

விசையைப் பார்க்காமல், யோசிக்காமல் தமிழில் ஒரு பக்கம் தட்டும் அளவுக்குக் கை பழகாதவர்கள், இதைப் படித்த உற்சாகத்தில் வரும் ஏப்ரல் தேர்வுக்கே கணினி கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம். ஒரு பருவம் முழுவதும் உள்தேர்வுகளையும் ஒப்படைப்புகளையும் இதில் எழுதிப் பாருங்கள். அதுவரை சொல்வதை எழுதுபவரையே வைத்துக்கொள்ளுங்கள்.